ஷெவ்டே நகரைச் சாட்சிக்கு அழைக்கிறேன்



வீடியோ கேம் படைக்கும் இளம் கம்பெனிகள் தலையெடுப்பது தனிமனிதனின் மேதாவிலாசத்தாலா, ஒரு பிரதேசமே கூடிச் செய்யும் சகாயத்தாலா என்ற இன்றைய வழக்கில், எனக்கு முன் பேசிய நண்பர், ஸ்டாக்ஹோமில் ஒருவர் தனியொருவராகத் தொடங்கி 2009-இல் வெளியிட்ட மைன்கிராஃப்டைக் காட்டி, அதை உடைய நிறுவனத்தை 2014-இல் மைக்ரோசாஃப்ட் 250 கோடி டாலருக்கு வாங்கியதையும் சொல்லி, தீர்ப்பே வந்துவிட்ட பாவனையில் அமர்ந்தார். அந்த மேதைக்குக் கூட்டாளியாக வாய்த்தவர், அவர் முன்பு வேலைபார்த்த கேம் கம்பெனியின் சகாதானே என்பதை மட்டும் நினைவூட்டிவிட்டு, அதே சுவீடனிலிருந்து என் சாட்சியை அழைக்கிறேன்.

வேனர்ன், வேட்டர்ன் என்ற இரு பேரேரிகளுக்கு நடுவே உள்ள ஷெவ்டே, வால்வோ எஞ்சின் தொழிற்சாலைக்கும் ராணுவ முகாமுக்கும் பேர்போன சிறு நகரம். கேளிக்கைத் தொழிலுக்கும் அதற்கும் ஸ்நானப்பிராப்திகூடக் கிடையாது. அவ்வூர்ச் சர்வகலாசாலை 2002-வாக்கில் கேம் உருவாக்கும் வித்தையைப் பாடமாக்கியது. படித்து முடித்தவர்கள் தலைநகருக்கு மூட்டை கட்டிவிடாதபடி, நகராட்சியும் இளம் கம்பெனிகளை வளர்க்கும் அறிவியல் பூங்காவும் கைகோத்து, அவர்களுக்கு இடமும், கணக்கு வழக்கில் வழிகாட்டலும், மூத்தோரின் யோசனையும் கிடைக்கச் செய்தன. அங்கே பயின்ற மாணவர்கள் 2010-இல் தொடங்கிய காபி ஸ்டெயின், 2014-இல் கோட் சிமுலேட்டர் என்ற கேமை வெளியிட்டது. ஆட்டை ஊரெல்லாம் முட்டவிட்டுப் பணம் பண்ணப் போகிறோம் என்று சொன்னால் எந்த வங்கி மேலாளர் கடன் கொடுப்பார், சபையோரே?

வளர்ந்த அந்நிறுவனம் அதே ஊரின் அயர்ன் கேட் கம்பெனி படைத்த வால்ஹெய்ம் என்ற கேமைப் பதிப்பித்தது. ஐந்தே பேர் கொண்ட குழு. 2021 பிப்ரவரியில் வெளியாகி, ஏறத்தாழ ஒரு மாதத்தில் 50 லட்சம் பிரதிகள். அதுவும் ஒருவர் ஓய்வு நேரத்தில் தொடங்கியதே என்று எதிரணி துள்ளிக் குதிக்கலாம், குதிக்கட்டும். அவர் அப்போது வேலைபார்த்தது ஷெவ்டேயின் இன்னொரு கேம் கம்பெனியில். கூட்டாளி கிடைத்ததும் அங்கேதான்.

இப்படிக் கூடித் தொழில் செய்து போட்டியாளருக்கு ரகசியத்தைச் சொல்லிக் கொடுப்பதா என்கிறார்கள் எதிரணியினர். ஒரே தெருவின் இரண்டு மளிகைக் கடைகளுக்கு அந்தப் பயம் நியாயம். வாங்குகிறவன் பிரேசிலிலும் ஜப்பானிலும் இருக்கும்போது, பக்கத்து அறைக்காரன் எப்படிச் சத்துரு ஆவான்? இதை உணர்ந்துதான் சின்னஞ்சிறு மொழிகளும் சந்தைகளும் கொண்ட நார்டிக் நாடுகள், 2006 முதல் சில ஆண்டுகள் பொதுத் திட்டம் ஒன்றை நடத்தி, இளம் கம்பெனிகளுக்கு மானியம் வழங்கின. டென்மார்க்கின் பிளேடெட் கம்பெனி 2010-இல் வெளியிட்டு உலகம் புகழ்ந்த லிம்போ கேமுக்கும் அம்மானியம் கிடைத்தது.

ஆனால் நடுவர் அவர்களே, வெற்றிகளை வைத்து நான் வழக்காட விரும்பவில்லை. இத்தொழிலில் தோல்வியே நித்தியம். வருஷக்கணக்காக உழைத்த கேம் ஒரு வாரத்தில் மறக்கப்படும், கம்பெனி மூடப்படும். வால்ஹெய்மின் சிருஷ்டிகர்த்தா முன்பு பணியாற்றிய அதே கம்பெனியும் 2024-இல் மூடப்பட்டது. அப்படி வேலையிழந்த ஓவியருக்கோ நிரலாளருக்கோ, தாம் கற்றதை எடுத்துக்கொண்டு போய்த் தட்டுவதற்கு ஷெவ்டேயில் அடுத்த தெருவிலேயே வேறு கதவுகள் உண்டு. தனிமனிதனை நம்புங்கள் என்று போதிக்கும் எதிரணி நண்பர்களின் ஊரில், அவர் மறுநாள் காலை எந்தக் கதவைத் தட்டுவார் என்பதை அடுத்துப் பேச வருகிறவர் சொல்ல வேண்டும் என்று கேட்டு அமர்கிறேன்.