மாடிப்படிக்கு அடியில் 48 சதுர அடி

(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில், கட்டடப் பொறியியல் பிரிவின் முன்னாள் மாணவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம் சங்கச் செயலாளர் என்னைப் பேச அழைத்தபோது ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார். "உன் தொழிலைப் பத்திப் பேசு. ஆனா சாப்பாட்டுக்கு அப்புறம் உள்ள கூட்டம், தூங்க வச்சிடாதே!" என்றார். நம் தோழர்களில் பாலம் கட்டியவர்கள் இருக்கிறார்கள். அணையில் வேலை பார்த்தவர்கள் இருக்கிறார்கள். நான் வீடு கட்டுகிறவன். அதுவும் இரண்டு சென்ட், இரண்டரை சென்ட் மனையில், கடன் வாங்கி, நகையை அடகு வைத்துக் கட்டுகிறவர்களுக்கு பிளான் போட்டுக் கொடுக்கிறவன். ஆகவே பெரிய விஷயம் எதுவும் சொல்லப் போவதில்லை. மாடிப்படிக்கு அடியில் இருக்கிற இடத்தைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

சிரிக்கிறீர்கள். சரி, ஒரு நிமிஷம் கண்ணை மூடி உங்கள் வீட்டுப் படிக்கட்டுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று நினைத்துப் பாருங்கள். பழைய செருப்பு, உடைந்த வாளி, பிள்ளை வளர்ந்தபின் ஓட்டாத மூணு சக்கர சைக்கிள், வெள்ளையடித்து மீந்த சுண்ணாம்பு டப்பா, எதற்கும் இருக்கட்டும் என்று வைத்த டைல்ஸ் துண்டு. இதில் பாதிக்கு மேல் சரி என்றால் கை தட்டுங்கள். (கைதட்டல்) நன்றி.

நம் தாத்தா காலத்து வீட்டில் வீணான இடம் என்று ஒன்று பெரும்பாலும் கிடையாது. சுவர் ஒன்றரை அடி, இரண்டடி கனம் இருக்கும். அந்தக் கனத்திலேயே குடைந்து மாடக்குழி வைத்தார்கள். விளக்கும் அதில்தான், தீப்பெட்டியும் அதில்தான். சமையல்கட்டுக்கு மேலே பரண். புகை படிந்து அங்கே விதைக்குப் பூச்சி வராது. வாசலில் திண்ணை. பகலில் வழிப்போக்கருக்கு, ராத்திரியில் வீட்டு ஆம்பிளைகளுக்கு. இன்று நாம் கட்டுவது 9 அங்குலச் சுவர், உள்ளே தடுப்பு நாலரை அங்குலம். அதில் மாடக்குழி வைக்க முடியாது. திண்ணைக்கு மனையில் இடமில்லை. மிஞ்சியது படிக்கு அடியில் உள்ள முக்கோணம் ஒன்றுதான். அது நேராக நிற்காது, பீரோ நுழையாது, கட்டில் போடமுடியாது. கோணல் இடம் என்பதால் அதைக் குப்பைக்கு விட்டுவிடுகிறோம்.

கணக்குக்கு வருகிறேன். சிவில் தம்பிகள் மனசிலேயே போட்டுப் பாருங்கள். தளத்துக்குத் தளம் 10 அடி. படி ஒன்றின் உயரம் 6 அங்குலம் என்றால் 20 ஏற்றம். மிதி 10 அங்குலம். நேராக ஒரே ஓட்டமாக ஏறும் படிக்கட்டு என்றால் 19 மிதி, மொத்தம் 190 அங்குலம், ஏறக்குறைய 16 அடி நீளம். அகலம் 3 அடி. பெருக்கினால் 48 சதுர அடி. ஒரு சென்ட் 435.6 சதுர அடி. அதில் ஒன்பதில் ஒரு பங்கு! மனை வாங்கும்போது அரைச் சதுர அடிக்குப் பேரம் பேசி, பத்திரத்தில் சண்டை போட்டு, பிறகு 48 சதுர அடியைக் கிழிஞ்ச பாய்க்குக் கொடுத்துவிடுகிறோம்.

இந்த 16 அடியை நான் மூன்று துண்டாகப் பிரிப்பேன். படியின் அடிச் சிலாப்பு கனத்துக்கு அரை அடி கழித்துக்கொள்ளுங்கள். உயரமான பக்கத்தில் ஏறக்குறைய 5 அடி நீளத்துக்கு ஒருவர் தலை இடிக்காமல் நிற்கலாம். அதை அடுத்து இரண்டரை அடி நீளத்துக்கு நாற்காலி போட்டு உட்காரலாம், நிற்க முடியாது. மீதி எல்லாம் குனிகிற உயரம். நிற்கிற உயரம், உட்காருகிற உயரம், குனிகிற உயரம். இந்த மூன்றையும் சுவரில் சாக்பீஸால் கோடு போட்டுக் காட்டினால், எந்த மேஸ்திரிக்கும், எந்தத் தச்சருக்கும் பாதி வேலை புரிந்துவிடும். நிற்கிற இடத்தில் குப்பையை வைத்துவிட்டு, குனிகிற இடத்தில் மனுஷனை உட்கார வைக்கிற தப்பும் நடக்காது.

குனிகிற பக்கத்துக்குக் கதவு போட்ட அலமாரி வைக்காதீர்கள். மூன்றடி ஆழம். உள்ளே போன சாமான் பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போதுதான் வெளியே வரும். அதற்குப் பதில் சக்கரம் வைத்த பெட்டி போல இழுப்பறை செய்யுங்கள். இழுத்தால் மொத்தமும் வெளியே வரணும். அடிச் சிலாப்புக்கு வெள்ளை அடியுங்கள், 9 வாட் எல்.இ.டி. விளக்கு ஒன்று போதும்.

இதெல்லாம் அளவு டேப் சொல்கிற விஷயம். டேப் சொல்லாத விஷயம் ஒன்று இருக்கிறது. அதை எனக்குச் சொன்னது என் அம்மா.

நான் திருச்சியில் வீடு கட்டியது 2010-ல். அப்பா காலமானபிறகு, 2012-ல் அம்மா எங்களோடு வந்தார். கூட வந்தவை ஒரு ட்ரங்குப் பெட்டி, ஒரு பழைய கால்மிதி தையல் மெஷின். மெஷின் முதலில் ஹாலில் நின்றது. டி.வி.யை மறைக்கிறது என்று படுக்கையறைக்குப் போனது. பிள்ளைகள் படிக்கும்போது சத்தம் என்று பின்கட்டுக்குப் போனது. பெட்டியும் அதன் பின்னாலேயே போனது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. படிக்கு அடியில் போட்டால் என்ன என்று வீட்டில் பேச்சு வந்தபோதுதான் வாயைத் திறந்தார்.

"ஏம்ப்பா, எல்லாரும் தலைக்கு மேல மிதிச்சுக்கிட்டுப் போற எடத்துலயா என்னை உட்கார வைக்கப் போறீங்க? செருப்பு வச்சிருந்த எடம்தானே அது?"

இதற்கு எந்தப் பாடப்புத்தகத்திலும் பதில் இல்லை. படிக்கு அடியில் பூஜை அறை வைக்க நம் ஜனங்கள் சம்மதிக்கமாட்டார்கள். சாமி தலைக்கு மேலே நடக்கக்கூடாது என்பார்கள். அப்படியானால் மனுஷர் தலைக்கு மேலே நடக்கலாமா? அம்மா கேட்டது அந்தக் கேள்விதான். "சரிம்மா, உனக்கு எங்க வேணும், எப்படி வேணும், நீயே சொல்லு" என்றேன்.

அன்றைக்கு ராத்திரி ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலையில் அவரே போய் அந்த இடத்தைக் கூட்டி, தண்ணீர் தெளித்துக் கழுவிவிட்டு என்னைக் கூப்பிட்டார். எங்கள் வீட்டில் படி பின்பக்கம் தொடங்கித் தெருப்பக்கம் ஏறும். அதனால் உயரமான பக்கம் தெருவைப் பார்த்திருக்கும். "மெஷின் இங்க, தெருவைப் பார்த்து. பெட்டி என் கை எட்டற தூரத்துல. செருப்பு ஸ்டாண்ட் வாசலுக்கு வெளிய போகணும். இன்னொண்ணு, இதைப் படிக்கு அடின்னு யாரும் சொல்லக்கூடாது, மெஷின் ரூம்னு சொல்லணும்" என்றார். நான்கு உத்தரவு. நான்கும் நிறைவேறியது. ஒரு கிரில் கதவு, ஒரு விளக்கு, ஒரு மின்விசிறி. செலவு அவ்வளவுதான்.

2019-ல் காலமாகும் வரை அம்மா அங்கே தெருப் பெண்களுக்கு ஜாக்கெட் தைத்தார். வருமானம் பெரிதல்ல. ஆனால் தீபாவளிக்குப் பேரனுக்குப் பட்டாசு வாங்க மகனிடம் கை நீட்டவில்லை. தன் சுருக்குப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். தலைக்கு மேல் நடப்பதைப் பற்றிப் பிறகு கேட்டதற்கு, "நடக்கட்டும். யாரு எத்தனை மணிக்கு மாடிக்குப் போறான்னு இந்த வீட்டுல எனக்கு மட்டும்தான் தெரியும்" என்றார்.

அன்றிலிருந்து என்னிடம் பிளான் போட வருகிறவர்களிடம், எத்தனை ரூம் வேணும் என்று முதலில் கேட்பதில்லை. "உங்க வீட்டுல தனக்குன்னு ஒரு எடம் இல்லாதவங்க யாரு?" என்று கேட்கிறேன். பத்தில் எட்டு வீட்டில் கொஞ்ச நேரம் பதில் வராது. பிறகு ஒரு பாட்டியோ, பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கிற பெண்ணோ, அடுப்படியை விட்டால் வேறு போக்கிடம் இல்லாத வீட்டுக்காரம்மாவோ வெளியே வருவார்கள். மிஞ்சிய இடத்தை மிஞ்சிய மனுஷருக்குத் தள்ளிவிடுவது வேறு, இடம் இல்லாதவரைக் கேட்டு அவர் விரும்புகிறபடி செய்து கொடுப்பது வேறு. இரண்டுக்கும் ஆகிற செங்கல், சிமெண்ட் ஒன்றுதான்.

இனி, செய்யக்கூடாதவை. இதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள்.

முதலாவது, அந்த முக்கோணத்தைக் கதவு போட்டு அடைத்து, உள்ளே சமையல் கேஸ் சிலிண்டர் வைக்காதீர்கள். கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு படிந்து நிற்கும். இரண்டாவது, இன்வெர்ட்டர் பேட்டரி. அமில பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வரும். அது காற்றைவிட லேசு. சாய்ந்த கூரையின் உச்சியில் போய்ச் சேரும். ஒன்று கீழே தங்கும், ஒன்று மேலே தங்கும். அடைத்த இடத்தில் இரண்டுக்கும் ஒரு சுவிட்சின் தீப்பொறி போதும். பேட்டரி வைத்தே ஆகணும் என்றால் மேலேயும் கீழேயும் காற்றோட்டம் விட்டு வையுங்கள். சிலிண்டர் அங்கே வேண்டவே வேண்டாம். மெயின் சுவிட்சும் மீட்டரும் அங்கே இருந்தால் அதன் முன்னால் எதையும் அடுக்காதீர்கள்.

மூன்றாவது, கீழே இருக்கும் சுவரை உடைக்குமுன் அது படியைத் தாங்குகிற சுவரா, வெறும் மறைப்புச் சுவரா என்று தெரிந்துகொள்ளுங்கள். அடிச் சிலாப்பில் ஊஞ்சல் கொக்கிக்கு ஓட்டை போடாதீர்கள். கம்பி அடிப்பக்கத்தில்தான் ஓடுகிறது. அதை மூடியிருக்கும் காங்கிரீட் 20 மில்லிமீட்டர் அளவுதான். நான்காவது, பாத்ரூம். அதற்கு 2.1 மீட்டர், அதாவது ஏறக்குறைய 7 அடி உயரம் வேண்டும் என்கிறது தேசியக் கட்டட விதித்தொகுப்பு. வயசானவர்கள் குனிந்து போய், நிமிர்ந்து தலையில் இடித்துக்கொள்கிற பாத்ரூம்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஐந்தாவதுதான் முக்கியம். இதுவரை சொன்னது எல்லாம் தனி வீட்டுக்கு. அடுக்குமாடிக் குடியிருப்பிலும் பொதுக் கட்டடத்திலும் படிக்கட்டு என்பது தீ பிடித்தால் உயிர் தப்புகிற வழி. அங்கே படிக்கு அடியில் எதுவுமே இருக்கக்கூடாது. பைக் கூடாது, பழைய சோபா கூடாது, பேப்பர் கட்டு கூடாது. புகை முதலில் ஏறுவது படிக்கட்டு வழியாகத்தான். அங்கே அந்த இடம் காலியாக இருப்பதுதான் அதன் உபயோகம்.

இதைச் சொல்லும்போது முதல்வர் அவர்கள் என்னை மன்னிக்க வேண்டும். காலையில் நம் பழைய கட்டடத்துக்குப் போனேன். நாங்கள் பெயர் செதுக்கிய பெஞ்சுகளில் சில, கால் உடைந்து, படிக்கு அடியில் அடுக்கிக் கிடக்கின்றன. பார்க்க ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் அது காய்ந்த விறகு. மேலே மூன்று வகுப்பில் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள். சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். இந்த ஆண்டு நினைவுப் பரிசாகச் சுவர்க் கடிகாரம் வேண்டாம். அந்த பெஞ்சுகளை வெளியே எடுத்து, ஒரு தச்சரை வைத்துப் பழுது பார்த்து, பஸ்ஸுக்குக் காத்திருக்கும் மாணவர்களுக்காக வேப்பமரத்தடியில் போடுவோம். முதல் பெஞ்சின் செலவு என்னுடையது. (கைதட்டல்)

தம்பி தங்கைகளே, உங்களுக்கு ஒரு வேலை. அடுத்த லீவுக்கு ஊருக்குப் போகும்போது ஒரு டேப்பும் ஒரு சாக்பீஸும் எடுத்துப் போங்கள். படிக்கு அடியிலோ, பரணிலோ, கொல்லைப்பக்கத்துச் சந்திலோ கோணலாக ஓர் இடம் நிச்சயம் இருக்கும். மூன்று கோடு போடுங்கள். போட்டுவிட்டு உடனே அளவெடுக்காதீர்கள். வீட்டுக்குள்ளே போய், யாருக்கு இடம் இல்லை என்று பாருங்கள். அவரிடமே உட்கார்ந்து கேளுங்கள். நம் வகுப்பறையில் இதற்கு மார்க் கிடையாது. ஆனால் நீங்கள் முதன்முதலில் கட்டுகிற வீடு அதுவாக இருக்கட்டும்.