கண்மணியைக் கவனியுங்கள்

ஹைதராபாதிலும் செகந்தராபாதிலும் தலைமுறைகளாக வாழ்ந்துவரும் தமிழ்க் குடும்பங்கள் பல. சொந்த ஊரில் பிள்ளையின் போக்குச் சற்றே மாறினாலும் அத்தையோ மாமனோ கண்டு சொல்லிவிடுவர். அயல் மாநிலத்தில் அந்தக் காவலைப் பெற்றோர் இருவரே ஏற்கவேண்டியுள்ளது. ஆகவே, ஹெராயின் பழக்கத்தின் அறிகுறிகளை நாம் அறிந்திருத்தல் அவசியம்.

அபினியிலுள்ள மார்பினைக் கொண்டு செய்யப்படும் இப்பொருளை, 1898-இல் பேயர் என்னும் ஜெர்மானிய நிறுவனம் இருமல் மருந்தாக விற்கத் தொடங்கியது. இன்று இதன் மாசுபடிந்த வடிவம் 'பிரவுன் சுகர்' என்ற பெயரில் மறைவாக விற்கப்படுகிறது.

இப்பழக்கத்திற்கு இரண்டு முகங்கள் உண்டு. போதையில் கண்ணின் பாவை குண்டூசி முனைபோல் சுருங்கும், பேச்சுக் குழறும், உட்கார்ந்தபடியே தலை சாயும், உடம்பு அரிக்கும், மலச்சிக்கல் உண்டாகும். சில மணி நேரம் அது கிடைக்காவிடில் நிலைமை மாறிவிடும். பாவை விரியும், மூக்கும் கண்ணும் நீர் சொரியும், கொட்டாவி, மயிர்க்கூச்சு, கைகால் குடைச்சல், வயிற்றுப்போக்கு ஆகியன தொடரும். ஜலதோஷம் என்றெண்ணித் தாய் கஷாயம் வைப்பாள். பிள்ளை வெளியே போய்த் திரும்பியதும் அந்த ஜலதோஷம் மாயமாய் மறைந்திருக்கும். இவ்வாறு மாறிமாறி வருவதே முக்கிய அடையாளம். கரிபிடித்த அலுமினியத் தாளோ, கரண்டியோ, ஊசியோ அகப்பட்டால் ஐயம் வலுக்கும். எனினும், ஒரே ஒரு குறியைக் கண்டு பழி சுமத்தலாகாது. முடிவு கூறவேண்டியவர் மருத்துவரே.

ஊருக்கு அனுப்பினால் திருந்துவான், கால்கட்டுப் போட்டால் திருந்துவான் என்று சிலர் நம்புகின்றனர். இதில் ஆபத்து உண்டு. சில வாரங்கள் விட்டிருந்தவனின் உடல் பழைய அளவைத் தாங்காது. மீண்டும் அதே அளவை எடுத்தால் மூச்சு நின்று உயிர் போகலாம். உதடு நீலம் பாரித்து, மூச்சுத் தளர்ந்து, எழுப்பியும் எழாதிருந்தால், ஒருக்களித்துப் படுக்கவைத்து உடனே 108-ஐ அழையுங்கள்.

போலீஸ் வருமோ என்ற அச்சமும் பலரைத் தடுக்கிறது. 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தில் 64ஏ என்றொரு பிரிவு உண்டு. அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த மருத்துவமனையில் தாமாக முன்வந்து முழுச் சிகிச்சை பெறும் அடிமைப்பட்டவருக்கு, உட்கொண்டமைக்கும் சிறிதளவு வைத்திருந்தமைக்கும் வழக்கிலிருந்து அது பாதுகாப்பு அளிக்கிறது. எர்ரகட்டா அரசு மனநல மருத்துவமனையை நாடலாம். 14446 என்ற எண்ணில் இலவசமாக ஆலோசனையும் கேட்கலாம்.

இது நோய், நோயை மறைப்பதால் மானம் காக்கப்படுவதில்லை, நாள்தான் வீணாகிறது.