கண்ணும் களமும்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

ஆண்டுதோறும் இம்மேடையில் இலக்கியச் சுவை நுகர்ந்து பழகிய தாங்கள், இவ்வாண்டு கண்ணோயைப் பற்றிக் கேட்க நேர்ந்திருக்கிறது. நாம் மருத்துவர் அல்லோம். பத்தாம் வகுப்புத் தேறி, இரயில்வே சரக்கு அலுவலகத்தில் கணக்கெழுதும் குமாஸ்தா. ஆயினும், ஒரு கண்ணின் பார்வையிற் பெரும்பகுதியை இழந்து, எஞ்சியதைக் காத்துக்கொண்டு, மீண்டும் பந்தாடக் களம் இறங்கியவர் என்ற உரிமையால் பேசத் துணிந்தோம். குற்றங்குறை பொறுத்தருள்க.

காலனி மைதானத்தில் மாலைதோறும் பூப்பந்து ஆடுவது நம் நெடுநாள் வழக்கம். ஊரைவிட்டு வந்தாலும் நம்மவர் அவ்விளையாட்டைக் கைவிட்டாரில்லை. மூன்றாண்டுகளுக்கு முன், இடப்புறமாக வரும் பந்துகள் நமக்குத் தவறத் தொடங்கின. ‘அண்ணாவுக்கு வயதாகிவிட்டது’ என்று தோழர்கள் நகைத்தனர். நாமும் உடன் நகைத்தோம். கண்ணில் வலியில்லை, சிவப்பில்லை. கணக்கேட்டின் எழுத்து சற்று மங்கவே, வெள்ளெழுத்துக்குக் கண்ணாடி வாங்கலாமென்று மருத்துவரிடம் சென்றோம். கண்ணின் அழுத்தத்தை அளந்த அவர், மீண்டும் ஒருமுறை அளந்தார். பெரும்பாலார்க்கு 10 முதல் 21 வரை நிற்கும் அழுத்தம், நம் இடக்கண்ணில் 38 ஆக இருந்தது. ‘கிளாக்கோமா’ என்றார்.

அப்பெயர் நமக்குப் புதிதன்று. நம் தந்தையார் பார்வை மங்கியபோது, புரை என்றெண்ணி, அது முற்றட்டும் என்று ஊரிலேயே காத்திருந்தோம். பின்னர்க் காட்டியபோது, பார்வை நரம்பு பட்டுவிட்டது என்றனர். இறுதி ஆண்டுகளில் பேரனின் முகத்தைக் கையால் தடவியே அறிந்தார். பிள்ளைகளும் சோதித்துக்கொள்ள வேண்டும் என்று அன்றே அறிவுறுத்தினார்கள். கேட்டோம், செய்தோமில்லை. இழந்த பார்வைக்கு அந்த அசட்டையன்றி வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

கண்ணுக்குள் தெளிந்த நீர் ஒன்று இடையறாது சுரந்து, நுண்ணிய வடிகால் வழியே வெளியேறுகிறது. வடிகால் சரிவர இயங்காதபோது, மதகடைத்த ஏரிபோல அழுத்தம் ஏறிப் பார்வை நரம்பை நாளடைவில் நசிக்கிறது. சிலர்க்கு அழுத்தம் மிகாமலே நரம்பு கெடுவதும் உண்டு. பக்கப் பார்வையே பெரும்பாலும் முதலிற் போகிறது. நேர்ப்பார்வை நெடுநாள் நிற்பதால் நோயாளி அறிவதில்லை. போனது மீளாது. இருப்பதைக் காப்பதே மருந்தும் அறுவையும் செய்யும் உதவி.

இந்நீருக்குப் புதுவழி திறக்கும் அறுவையில் நம் சென்னைக்கும் ஒரு பங்குண்டு. எழும்பூர் அரசினர் கண் மருத்துவமனையில் பணியாற்றிய எலியட் என்பார், கண்ணின் வெளிச்சுவரில் சிறு துளையிடும் முறையை 1909-இல் வெளியிட்டார். 1968-இல் இங்கிலாந்தின் கேர்ன்ஸ் என்பார், துளையின்மேல் மெல்லிய மூடியிருக்கும்படி அம்முறையைத் திருத்தினார். நமக்கு நடந்தது இப்பின்னைய முறையின் வழிவந்ததே. மேலிமையின் மறைவில் சிறு கொப்புளம்போல் நீர் தேங்கி, மெல்ல உறிஞ்சப்படுகிறது. அக்கொப்புளமே நம் புதிய மதகு. அதைக் காப்பதே இனி நம் கடமை.

அறுவை முடிந்த முதல் சில வாரங்களே மிகக் கருத்தாய் இருக்க வேண்டியவை. கண்ணைக் கசக்கலாகாது, உறங்கும்போது கண்மூடி அணிய வேண்டும், குனிதல், பளு தூக்கல், மலச்சிக்கலால் முக்குதல் ஆகியவை ஆகா. அழுத்தம் மிகத் தாழ்ந்திருக்கும் அந்நாளில், திடீரென முக்கினால் கண்ணுக்குள் குருதி கசியக்கூடும். பதினைந்தாம் நாள், குழாயில் நீர் வந்த பரபரப்பில், பழக்கத்தால் குடத்தைத் தூக்கக் குனிந்தோம். இல்லாள் ஓடிவந்து குடத்தைப் பறித்துக்கொண்டாள். ஒரு குடம் தண்ணீருக்கு ஒரு கண் விலையா என்று அவள் கேட்ட கேள்விக்கு நம்மிடம் விடையில்லை.

மீண்டும் விளையாடுவது எப்போது? நமக்கு மருத்துவர் விதித்த கணக்கைக் கூறுவோம்: இரண்டாம் வாரம் முதல் சமதரையில் நடை, ஆறு வாரங்களுக்குப் பின் மெல்லோட்டம், மூன்று மாதம் கழித்துப் பந்து. பிறர்க்கு இக்கணக்கு மாறும். கண்ணைப் பார்த்த மருத்துவர் சொல்வதே முடிவு. களத்துத் தோழர்கள் சொல்வதன்று.

நடை நல்ல பயிற்சி. கண்ணழுத்தத்தைச் சிறிது தணிக்கவும் வல்லது. ஆயின் இளமை முதல் விடாது செய்துவந்த சிரசாசனத்தை நாம் விட்டொழிக்க நேர்ந்தது. தலைகீழாய் நிற்கும்போது கண்ணழுத்தம் ஏறக்குறைய இருமடங்காவதைச் சென்னை ஆய்வாளர்கள் 2006-இல் அளந்து காட்டினார்கள். மூச்சடக்கிப் பெரும்பளு தூக்குவதும் அழுத்தத்தை ஏற்றுவதே. நீச்சலுக்கு மருத்துவர் அனுமதி தனியே வேண்டும். அனுமதித்தாலும் நீர்க்கண்ணாடி அணிதல் நன்று. கண்குழியை இறுக அழுத்தும் சிறு கண்ணாடி ஆகாது. குளத்து நீர் கொப்புளத்தில் நோய்க்கிருமியைச் சேர்க்கக்கூடும் ஆதலின், குளத்தில் இறங்குவதை நாம் அறவே விட்டோம். கைகால் முகத்திற் படும் கபடியும் நமக்கு இனி வேடிக்கை பார்க்கவே.

பந்தாட்டத்திற்குக் காப்புக் கண்ணாடி இன்றியமையாதது. உடையக்கூடிய சாதாரணக் கண்ணாடி போதாது. பாலிகார்பனேட் என்னும் உறுதியான பொருளால் ஆனதாக இருக்க வேண்டும். இறகுப்பந்தின் தலை சிறிதாதலால் கண்குழிக்குள்ளேயே புகுந்து தாக்கும் என்பதை இளைஞர்கள் மனத்திற் கொள்க. நாம் அக்கண்ணாடியுடன் முதன்முதல் களம் புகுந்தபோது, ‘விமானமோட்டி வருகிறார்’ என்று நகையாடினார்கள். ஒரு மாலை, உடன் ஆடியவரின் மட்டை வீசிய வேகத்தில் நம் முகத்திற் பட்டது. கண்ணாடியில் ஒரு கீறல், கண்ணில் ஒன்றுமில்லை. அடுத்த மாதம் அவரே அத்தகைய கண்ணாடி வாங்கினார்.

இன்னும் இரண்டு எச்சரிக்கைகள். அறுவை நடந்து ஆண்டுகள் பல கழிந்தாலும், கண் சிவந்து, வலித்து, பீளை தள்ளி, பார்வை மங்கினால், அன்றே மருத்துவரிடம் ஓட வேண்டும். மறுநாள் என்பது ஆகாது. மற்றொன்று: நம் வலக்கண் சொட்டு மருந்தாலேயே காக்கப்படுகிறது. விடுமுறையில் ஊருக்குச் செல்லும் நெடும்பயணத்தில் மருந்துப் புட்டியைப் பெட்டியின் அடியில் புதைத்துவிட்டு மறப்பது நம் வழக்கம். இப்போது அது சட்டைப்பையில் பயணச்சீட்டோடு வருகிறது.

அன்பர்களே! இந்நோய் உற்றோரின் உடன்பிறந்தார்க்கும் மக்கட்கும் இதற்கான வாய்ப்பு மிகுதி. நம் தம்பியை வற்புறுத்திச் சோதிக்கச் செய்தோம், அவனுக்கும் தொடங்கியிருந்தது, ஆயின் பார்வை சிறிதும் போகவில்லை. தந்தையார் பொருட்டு நாம் கேளாத சொல்லை அவன் நம் பொருட்டுக் கேட்டான். ஆதலால், 40 வயதைக் கடந்தோர் அனைவரும் கண்ணாடி மாற்றும்போதேனும் கண்ணழுத்தத்தையும் நரம்பையும் பார்க்கச் சொல்லுங்கள்.

நாம் இப்போது களத்தின் இடக்கோடியில் நின்று ஆடுகிறோம். நமக்கு இடப்புறம் கோடு மட்டுமே. பந்தெல்லாம் எதிரிலும் வலத்திலுமே வருகிறது. தவறுவதும் உண்டு. ஆயினும் நாளை மாலை ஐந்தரை மணிக்கு மைதானத்திற்கு வாருங்கள், நம்மைக் காண்பீர்கள், நாமும் உங்களைக் காண்போம்.