ஹாட் பாக்ஸ் போதுமா?



விடியற்காலையில் இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் கம்பெனி பஸ்கள் வரிசை கட்டி வரும். உள்ளே ஐ.டி.ஐ.யும் டிப்ளமோவும் முடித்த பிள்ளைகள் அரைத் தூக்கத்தில் இருப்பார்கள். 1998-இல் சான்ட்ரோ கார், 2006-இல் நோக்கியா போன் என்று இந்த மண்ணிலிருந்து எத்தனையோ பொருள்கள் புறப்பட்டுப் போய்விட்டன. அவற்றைச் செய்த கை நம்முடையது. யோசித்த மூளை பெரும்பாலும் வெளியூர்.

ஆனால் எந்த இடத்தில் வேலை இடிக்கிறது என்பது லைனில் நிற்பவருக்குத்தான் தெரியும். 1961-இல் ஜப்பானில் ஒரு தொழிற்சாலை. சின்ன சுவிட்ச், அதற்குள் இரண்டு ஸ்பிரிங் வைக்க வேண்டும். சில சமயம் ஒன்று விட்டுப்போகும். ஷிகியோ ஷிங்கோ என்ற பொறியாளர் ஒரு வழி சொன்னார்: முதலில் இரண்டு ஸ்பிரிங்கையும் எண்ணி ஒரு தட்டில் வை, பிறகு வேலையைத் தொடங்கு. முடிக்கும்போது தட்டில் ஒன்று கிடந்தால், விட்டுப்போனது கையும் களவுமாகப் பிடிபட்டுவிடும். அவ்வளவுதான். அந்த உத்தியைத்தான் 'போகா-யோகே' என்று இன்று உலகமெங்கும் தொழிற்சாலைகளில் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

நம் பிள்ளைகளுக்கும் இப்படித் தோன்றாமலா இருக்கும்? தோன்றினால் என்ன கிடைக்கும்? நோட்டீஸ் போர்டில் ஒரு போட்டோ, கையில் ஒரு ஹாட் பாக்ஸ். வேண்டாம் என்று சொல்லவில்லை, வீட்டுக்கு உதவும்.

ஷூஜி நகமுராவுக்கும் முதலில் அப்படித்தான். உங்கள் போனில் டார்ச் எரிகிறதே, அந்த வெளிச்சத்துக்கு அடிப்படை அவர் உருவாக்கிய நீல எல்.இ.டி. அதற்காக அவருடைய நிச்சியா நிறுவனம் கொடுத்த ஊக்கத்தொகை 20,000 யென். அவர் கோர்ட்டுக்குப் போனார். 2005-இல் சுமார் 84 கோடி யென்னுக்குச் சமரசம் ஆனது. 2014-இல் நோபல் பரிசும் வந்தது.

நம் நாட்டில் 1970-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம் இருக்கிறது. உரிமை கம்பெனிக்கே போனாலும், கண்டுபிடித்தவர் தன் பெயரைக் காப்புரிமையில் பதியச் சொல்லிக் கேட்க, அதன் 28-ஆவது பிரிவு இடம் தருகிறது. மேனேஜர்மார்களே, அவர் கேட்கும்வரை காத்திருக்க வேண்டுமா?

சொந்தமாக ஏதாவது செய்து பார்க்கும் தம்பி தங்கைகளுக்கு ஒன்று. எல்லா யோசனையும் காப்புரிமைக்குத் தேறாது. தேறும் என்று பட்டால், தனிநபர் ஆன்லைனில் விண்ணப்பிக்க அடிப்படைக் கட்டணம் 1,600 ரூபாய். அலுவலகம் கிண்டியில், ஜி.எஸ்.டி. ரோட்டிலேயே இருக்கிறது. விண்ணப்பத்தை முடித்துவிட்டு ரீல்ஸ் போடுங்கள். ஊரறியக் காட்டிவிட்டுப் போனால், 'இது புதிதில்லையே' என்று திருப்பி அனுப்ப வாய்ப்பு உண்டு.