வேருக்கு எத்தனை கன அடி?



இந்தக் கருத்தரங்குக்குத் தலைமை ஏற்கும்படி கடிதம் வந்தபோது மகிழ்ச்சியோடு கொஞ்சம் உதறலும் வந்தது. இந்த மேடையில் எனக்கு முன் நின்றவர்கள் பழப்பயிரிலும் மலர்ப்பயிரிலும் பெயர் எடுத்தவர்கள். நானோ விளைச்சல் கணக்கில் வராத தெருவோர மரத்தைக் கட்டிக்கொண்டு அழுதவன். அமைப்பாளர்கள் தெரிந்துதான் அழைத்திருப்பார்கள் என்று தைரியப்படுத்திக்கொண்டு தொடங்குகிறேன்.

கருத்தரங்கின் தலைப்பு 'நகரத் தோட்டக்கலையும் ஊட்டச்சத்துப் பாதுகாப்பும்'. நல்ல தலைப்பு. மாடித்தோட்டம், தென்னை நார்க்கழிவு, சொட்டுநீர், செங்குத்துத் தோட்டம் என எல்லாவற்றுக்கும் அமர்வு இருக்கிறது. கட்டுரைச் சுருக்கங்களைப் படித்தேன், உழைத்து எழுதியிருக்கிறார்கள். மொட்டைமாடியில் கீரையும் வெண்டையும் வரும் என்று இந்த அவைக்கு யாரும் நிரூபிக்க வேண்டியதில்லை. ஆனால் தொகுப்பு முழுவதையும் புரட்டிப் பார்த்தும் தரைக்குக் கீழே இறங்கிய கட்டுரை ஒன்றுகூட என் கண்ணில் படவில்லை. நமக்கு நகரம் என்றாலே மாடி என்றாகிவிட்டது. ஆகவே தலைப்புக்கு வணக்கம் சொல்லிவிட்டு, எனக்குக் கொடுத்த நேரத்தைத் தெருவுக்கு எடுத்துக்கொள்கிறேன்.

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தது. ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. மறுநாளே தீர்ப்பும் வந்துவிட்டது: அயல் மரங்கள் விழுந்தன, நாட்டு மரங்கள் நின்றன. அன்றுமுதல் நம் கருத்தரங்குகளில் இது வேதவாக்கு. வேம்பும் புங்கமும் நட்டால் போதும், பிரச்சினை தீர்ந்தது என்று பட்டியல் போட்டுக் கொடுக்கிறோம், மாநகராட்சிகளும் வாங்கிக்கொள்கின்றன.

இந்தத் தீர்ப்பை நான் அப்போதே ஏற்கவில்லை, இப்போதும் ஏற்கவில்லை. மயில்கொன்றையின் மரம் மென்மையானது, வேர் மேலாக ஓடுவது, காற்றுக்குத் தாங்காது, ஒப்புக்கொள்கிறேன். அது மடகாஸ்கரிலிருந்து வந்ததும் உண்மை. ஆனால் காற்று பூர்வீகம் பார்த்துத் தள்ளுவதில்லை. இயல்வாகையை அயல் என்று தள்ளுகிறோம். அது அந்தமான் கடற்கரையில் தானாக வளர்கிற மரம். புளியின் பூர்வீகம் ஆப்பிரிக்கா. நெடுஞ்சாலை ஓரமாகத் தலைமுறை தலைமுறையாக நிற்கும் அந்தப் புளியை அயல் என்று சொல்ல நம்மில் யாருக்கும் வாய் வராது. நான் நடந்து பார்த்த தெருக்களில் வேம்பும் விழுந்து கிடந்தது.

விழுந்த மரங்களின் அடியைத்தான் நாம் பார்த்திருக்க வேண்டும். தியாகராய நகரில் சாய்ந்து கிடந்த ஒரு மயில்கொன்றையின் வேர்த்தட்டு நட்ட குழியின் அளவுக்கு ஏறக்குறையச் சதுரமாக இருந்தது. சாலைப் பக்கம் வேர் வெளியே போகவே இல்லை. செங்கல் ஜல்லியும் தார்க்கட்டியும் தடுத்திருந்தன. வீட்டுப் பக்கம் போயிருக்கிறது, ஆனால் வடிகாலுக்குப் பள்ளம் தோண்டியவர்கள் நேர்கோட்டில் வெட்டியிருக்கிறார்கள். மணிக்கட்டுப் பருமனுள்ள வேர்கள், வெட்டு வாயில் கருத்துப் போய், ஒரு பக்கம் முழுக்க. அடியில் பழைய மாம்பலம் ஏரியின் களிமண். 1920களில் நீரை வடித்துவிட்டு எழுப்பிய நகர் அது என்பது எல்லோருக்கும் தெரியும். மரம் நடும்போது மட்டும் யாருக்கும் நினைவு வருவதில்லை. அந்தக் குழியில் வேம்பை வைத்திருந்தால் நின்றிருக்குமா என்பதுதான் என் கேள்வி.

வேருக்கு எவ்வளவு மண் வேண்டும் என்ற கணக்கு புதியதும் அல்ல. கார்னெல் பல்கலைக்கழகம் 1980இல் நகரத் தோட்டக்கலைக்கென்றே ஒரு நிறுவனம் தொடங்கியது. அங்கே நீனா பாசுக், பாட்ரிசியா லிண்ட்சி இருவரும் 1990களின் தொடக்கத்தில் ஒரு விதி வகுத்தார்கள்: தழைப்பரப்பு நிழலிடும் ஒவ்வொரு சதுர அடிக்கும் சுமார் 2 கன அடி மண். 20 அடி அகலம் படரும் மரத்தின் பரப்பு 314 சதுர அடி. மண் 628 கன அடி வேண்டும். நாம் தோண்டும் மூன்றடிக் குழியில் இருப்பது 27 கன அடி. அந்த 628உம் அமெரிக்கத் தட்பவெப்பத்தை வைத்துப் போட்ட கணக்கு. நம் மே மாதத்துக்கு எவ்வளவு என்று நாம்தான் அளந்து சொல்ல வேண்டும். பாரத்தைக் கருங்கல் ஜல்லி தாங்க, இடுக்கில் மண் நிரப்பி, நடைபாதைக்கு அடியிலேயே வேர் ஓடவிடும் கட்டமைப்பு மண்ணையும் அங்கேதான் உருவாக்கினார்கள். நம் பட்டப்படிப்பில் இது எங்கே இருக்கிறது? நில எழிலூட்டல் பாடத்தின் ஒரு மூலையில், அதுவும் ஆசிரியருக்கு ஆர்வம் இருந்தால்.

மேல்நாட்டுச் சரக்கு என்று ஒதுக்குபவர்களுக்கு வராகமிகிரரைக் காட்டுகிறேன். பிருகத் சம்ஹிதையின் விருட்சாயுர்வேத அத்தியாயத்தை இங்கே பலர் மேற்கோள் காட்டுவீர்கள், பெரும்பாலும் கரைசல்களுக்காக. அதே அத்தியாயத்தில் மரத்துக்கு மரம் இடைவெளி சொல்லியிருக்கிறது: 20 முழம் உத்தமம், 16 மத்திமம், 12 கடைசி. நெருங்கி நின்று வேர் பின்னிக்கொண்டால் மரம் சரியாகக் காய்க்காது என்று காரணமும் இருக்கிறது. ஆறாம் நூற்றாண்டில் ஒரு சோதிடர் வேருக்கு இடம் ஒதுக்கியிருக்கிறார். இதன்மேல் ஒரு நல்ல ஆய்வுக்கட்டுரை வந்து நான் பார்க்கவில்லை. குணபஜலக் கரைசலைப் புட்டியில் அடைத்து விற்கலாம். இடைவெளியை விற்க முடியாது, அதனால் இருக்கலாம்.

பாடத்திட்டக் கூட்டம் ஒன்றில் வேரைப் பற்றிப் பாடம் வேண்டும் என்று சொன்னபோது மூத்த நண்பர் ஒருவர், கண்ணுக்குத் தெரியாத வேரை வைத்து மாணவன் எப்படி ஆய்வு செய்வான் என்று கேட்டார். அவரிடம் எனக்கு மரியாதை உண்டு. மலர்ப்பயிர் ஒட்டுமுறையில் நான் அவரிடம் கற்றவன். அன்று சபை சிரித்ததால் பதில் சொல்ல வாய்ப்பில்லை, இன்று சொல்கிறேன். ஒவ்வொரு மழைக்காலத்துக்கு முன்பும் வடிகாலுக்கும் கேபிளுக்கும் குழாய்க்கும் தெருத்தெருவாகப் பள்ளம் தோண்டுகிறார்கள். வேர் எந்த ஆழத்தில் ஓடுகிறது, எங்கே திரும்புகிறது, எங்கே அழுகியிருக்கிறது, எல்லாம் அந்தப் பள்ளத்தின் சுவரில் தெரிகிறது. ஒரு டேப்பும் நோட்டுப் புத்தகமும் போதும். பைசா செலவில்லாமல் மாநகராட்சி நமக்கு ஆய்வுக்கூடம் திறந்து வைக்கிறது. நாம் மூக்கைப் பொத்திக்கொண்டு தாண்டிப் போகிறோம்.

அளக்காததால் வரும் சிக்கலைப் பாருங்கள். 2013இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், தில்லி மரங்களைச் சுற்றி ஒரு மீட்டருக்குள் போட்ட கான்கிரீட்டை அகற்றச் சொன்னது. அந்த ஒரு மீட்டர் மரத்துக்குப் போதுமா? தீர்ப்பாயத்துக்குப் பதில் சொல்ல வேண்டிய துறை நம்முடையது. நம்மிடம் அளவு இல்லை.

ஆகவே ஒரு கோரிக்கை. நம் இளநிலை மாணவர்கள் கிராமத்தில் தங்கிப் பணி அனுபவம் பெறும் பருவம் ஒன்று இருக்கிறது. அதில் பாதியை ஒரு நகராட்சி வார்டில் கழிக்க வழி செய்யுங்கள். பள்ளம் தோண்டும் ஒப்பந்தக்காரரோடும், மின்கம்பிக்காகக் கிளை வெட்டும் ஊழியரோடும், நாற்றுப்பையில் வேர் சுருண்ட கன்றை அப்படியே குழியில் இறக்கும் தொழிலாளியோடும் நிற்கட்டும். இப்படிப் படித்தவனுக்கு யார் வேலை தருவார்கள் என்ற கேள்வி வரும். மாநகராட்சிப் பூங்காத் துறையும் நெடுஞ்சாலைத் துறையும் இன்று மரத்தைப் பற்றிப் பொறியாளரிடம் கேட்டு முடிவெடுக்கின்றன. அந்த நாற்காலியை நாம் கேட்டு வாங்கவில்லை.

இதைத் தீர்மானமாக நிறைவு அமர்வில் முன்மொழிவேன். நாட்டு மரப் பட்டியலே போதும் என்று கருதும் நண்பர்கள் மறுத்துப் பேச வேண்டும் என்றே விரும்புகிறேன். அவர்களுக்குப் பத்து நிமிடம் கூடுதலாக ஒதுக்கும்படி செயலாளரைக் கேட்டிருக்கிறேன். வரும்போது குழியின் அளவோடு வாருங்கள். முதல் அமர்வுத் தலைவரை மேடைக்கு அழைக்கிறேன்.