நீச்சற்குளமும் நீர்ச் சிக்கனமும்



தென்பெண்ணை ஆற்றங்கரையிலுள்ள மூங்கில்துறைப்பட்டு என் ஊர். நான் சிறுவனாயிருந்தபோது ஆற்றில் நீர் ஓடினால் ஆற்றிலும், அது வற்றினால் வயற்கிணற்றிலும் நீந்தினோம். இடுப்பில் கயிறு கட்டி என்னைக் கிணற்றில் இறக்கியவர் என் தந்தையார். கடுங்கோடையில் அந்தக் கிணறும் வறண்டுவிடும். அப்போது பெண்கள் ஆற்றுமணலில் ஊற்றுத் தோண்டி, ஊறிவரும் நீரைக் கொட்டாங்கச்சியால் முகந்து குடத்தை நிரப்புவார்கள். ஒரு குடம் நிறைய எவ்வளவு பொறுமை வேண்டும் என்பதை நான் கண்டறிந்தவன்.

இதே ஆறு கர்நாடகத்து நந்தி மலைப் பகுதியில் தோன்றி, பெங்களூருக்குக் கிழக்கே பாய்ந்து, சாத்தனூர் அணையைக் கடந்து எங்கள் ஊரை அடைகிறது. 2024 மார்ச் மாதத்தில் அந்தப் பெங்களூரிலேயே கடுமையான தண்ணீர்ப் பஞ்சம் ஏற்பட்டது. குடிநீரை நீச்சற்குளங்களில் பயன்படுத்தலாகாது என நகரின் குடிநீர் வாரியம் தடை விதித்தது. மீறுவோருக்கு 5,000 ரூபாய் அபராதம். 2018-இல் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரிலும் இத்தகைய தடை இருந்தது. அங்கே ஒருவருக்கு நாளொன்றுக்கு 50 லிட்டர் என்று அளவு வகுத்தார்கள்.

அச்சமயம் நான் பெங்களூரில் என் மகன் வீட்டில் தங்கியிருந்தேன். அந்தக் குடியிருப்பில் ஒரு நீச்சற்குளம் உண்டு. "நீரை வடித்துவிட்டுக் குளத்தைப் பூட்டுவோம்" என்றார் ஒருவர். "லாரித் தண்ணீர் வாங்கி நிரப்புவோம்" என்றார் மற்றொருவர். என் பேத்தியோ, "தாத்தா, நான் இன்னும் நீந்தக் கற்கவில்லையே!" என்று கண்கலங்கினாள். யார் சொல்வது சரி?

இருவரும் ஒரு கணக்குப் போட்டோம். குளத்தின் நீளம் 25 மீட்டர், அகலம் 12 மீட்டர், சராசரி ஆழம் ஒன்றரை மீட்டர். ஆக, 4,50,000 லிட்டர். கேப் டவுன் அளவின்படி 9,000 பேருக்கு ஒரு நாளைய நீர்! அதை வடித்துவிடுவது சிக்கனமாகுமா? மழை வந்தபின் மீண்டும் அவ்வளவு நீர் தேட வேண்டுமன்றோ? வெயிலில் நாளுக்கு 5 மில்லிமீட்டர் ஆவியாவதாகக் கொண்டாலும், 1,500 லிட்டர் வீணாகிறது. அது முப்பது பேரின் பங்கு.

ஆதலால், குளத்தைக் காலி செய்வதைவிட அதிலுள்ள நீரைக் காப்பதே அறிவுடைமை. நீந்தாத நேரங்களில் விரிப்பால் மூடிவைத்தால் ஆவியாதல் பெருமளவு குறையும். நாட்குறிப்பைப் பார்த்து வடிகட்டியைக் கழுவாமல், அதன் அழுத்தமானி தேவையைக் காட்டும்போது மட்டும் கழுவலாம். நீந்துவோர் உடம்பைக் கழுவிக்கொண்டு இறங்கினால் நீர் நெடுநாள் தூய்மையாயிருக்கும். வடிகட்டலையும் குளோரினையும் மட்டும் நிறுத்தலாகாது. நிறுத்தினால் பாசியும் கொசுவும் பெருகும்.

கசிவைக் கண்டறிய எளிய சோதனையொன்று உண்டு. ஒரு வாளியில் குளத்து நீரை நிரப்பி, குளத்தின் படியில் வையுங்கள். வாளியின் உள்ளே நீர்மட்டத்தையும் வெளியே குளத்து நீர்மட்டத்தையும் குறியுங்கள். மறுநாள், வாளியில் குறைந்ததைவிடக் குளத்தில் அதிகமாகக் குறைந்திருந்தால், அந்த மிகுதி கசிவினால் போனது.

எங்கள் கணக்கைக் கேட்டபின் நீரை வடிக்கும் எண்ணத்தைக் கைவிட்டார்கள். புதுநீர் விடாமல், குளத்தை மூடிக் காத்தார்கள். என் பேத்தி சில மாதங்கள் காத்திருக்க நேர்ந்தது. மழை பெய்தபின் அதே நீரில் அவள் நீந்தக் கற்றாள்.

நீச்சல் உயிர்காக்கும் கல்வி. அதைக் கைவிடச் சொல்லேன். ஆனால் குளத்தில் இறங்கும்போதெல்லாம், மணலூற்றின் அருகே கொட்டாங்கச்சியுடன் காத்திருந்த அந்தத் தாய்மாரை ஒரு கணம் நினைவுகூருங்கள்.