சிட்சையும் அன்பும்



கிறிஸ்தவ சமயத்தார் வழங்கும் சொற்களுள் 'சிட்சை' என்பது ஒன்று. அதைக் கேட்டவுடன் நம் நினைவுக்கு வருவது பிரம்பு. ஆனால் அச்சொல்லின் பிறப்பு வேறு. வடமொழியில் 'சிக்ஷா' என்றால் கல்வி, பயிற்சி என்று பொருள். கிறிஸ்தவ வேதத்திலே, எபிரெயருக்கு எழுதிய நிருபத்தின் 12-ஆம் அதிகாரம், கடவுளின் கண்டிப்பு அவரது அன்பின் அடையாளமே என்று வாதிக்கிறது. மூலமாகிய கிரேக்கத்தில் அங்கு வரும் சொல் 'பைடேயா'. குழந்தையைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்த அது, பிள்ளையை வளர்த்து ஆளாக்கும் பயிற்சியைக் குறிக்கிறது. தண்டனை, செய்து முடிந்ததை நோக்குவது. சிட்சையோ, இனி ஆக வேண்டியதை நோக்குவது. இவ்வேறுபாட்டை மறந்தால் இக்கோட்பாடு கொடியதாகிவிடும்.

நான் வாழும் முதலிபாளையம் திருப்பூரை அடுத்த ஊர். பின்னலாடைத் தொழிலே இவ்வட்டாரத்தில் பலருக்குச் சோறிடுகிறது. எந்திரத்திலிருந்து இறங்கும் பருத்தித் துணி பழுப்பாக இருக்கும். பஞ்சுக்கு இயல்பாயுள்ள மெழுகு அதில் ஒட்டியிருப்பதால், சாயம் சீராக ஏறாது. ஆகவே காரத்தில் வேக வைத்து வெளுக்கிறார்கள். துணியின் மேல் பகையா? இல்லை. குப்பைக்குப் போகும் துணியை எவரும் வெளுப்பதில்லை. வெளுப்பவர் சூட்டையும் நேரத்தையும் கவனித்தபடியே நிற்கிறார். அளவு மீறினால் நூல் நைந்துவிடும் என்று அவர் அறிவார். பைபிளில் மல்கியா தீர்க்கதரிசியும் கடவுளின் செயலுக்கு வண்ணாருடைய சவுக்காரத்தை உவமை கூறுகிறார்.

ஆனால் உவமைக்கும் எல்லை உண்டு. துணிக்கு நோவு தெரியாது, மனிதனுக்குத் தெரியும். வேதனைப்படும் மனிதர் ஒருவர் இதை எவ்வாறு ஏற்றார் என்று பார்த்தாலன்றோ இக்கருத்தின் உண்மை விளங்கும்?

திருநெல்வேலிச் சீமையின் டோனாவூரில் அப்படி ஒருவர் வாழ்ந்தார். அயர்லாந்தில் 1867-இல் பிறந்து, 1895-இல் இந்தியா வந்த ஏமி கார்மைக்கேல் அம்மையார் அவர். பொட்டுக்கட்டும் வழக்கத்துக்கு ஆளாகவிருந்த சிறுமியரையும், ஆதரவற்ற பிற குழந்தைகளையும் அங்கே அவர் வளர்த்தார். 1931 அக்டோபர் 24 காலையில், தம்மை மேலும் தொண்டுக்கு ஏற்றவராக்க எதை வேண்டுமானாலும் செய்யுமாறு கடவுளிடம் வேண்டினாராம். அன்று மாலை களக்காட்டில், மருத்துவப் பணிக்கென எடுத்திருந்த வீட்டைப் பார்க்கச் சென்றபோது, இருளில் ஒரு குழியில் விழுந்தார். கால் முறிந்தது. 1951 ஜனவரி 18-இல் மறையும் வரை, ஏறக்குறைய 20 ஆண்டுகளைப் பெரும்பாலும் தம் அறையிலேயே கழித்தார்.

அந்தப் படுக்கையிலிருந்து அவர் எழுதிய நூல்களுள் ஒன்று, 1933-இல் வெளிவந்த 'ரோஸ் ஃப்ரம் பிரையர்'. நோயுற்றோருக்கு நோயுற்ற ஒருவர் எழுதிய கடிதங்கள் அவை. நலமாயிருப்போர் நோயாளிக்கு எழுதும் உபதேசங்கள் தம் உள்ளத்தைத் தொடவில்லை என்பதைக் கண்டே அவர் பேனாவை எடுத்தார். வேதனை அவருக்குக் கற்பித்த பாடம் இதுதான்: துன்புறுவோரிடம் எவ்வாறு பேசுவது என்பது. சிட்சை கல்வியாக மாறியது இங்கேதான்.

இதனின்று ஓர் எச்சரிக்கையும் பிறக்கிறது. "இது கடவுள் உனக்குத் தந்த சிட்சை" என்று பிறர் துன்பத்தைக் காட்டிச் சொல்ல நமக்கு உரிமை இல்லை. யோபுவின் நண்பர்கள் அவ்வாறே பேசினார்கள். கடவுள் அவர்களைக் கடிந்துகொண்டார். பிறவிக் குருடன் ஒருவனைக் காட்டி, யார் செய்த பாவம் இதற்குக் காரணம் என்று சீடர்கள் கேட்டபோது, அவனுமல்ல, அவன் பெற்றோருமல்ல என்றார் இயேசு. தன் துன்பத்தில் பாடம் தேடுவது பக்தி. அடுத்தவன் துன்பத்தில் குற்றம் தேடுவது கொடுமை. 'அடிக்கிற கையே அணைக்கும்' என்னும் பழமொழியும் அடிப்பதற்கு அனுமதிச் சீட்டன்று. அணைக்க அறியாத கை, சிட்சிக்கும் தகுதியை இழந்த கை.

மாணவர்களே, உங்கள் கட்டுரையில் சிவப்பு மையால் திருத்தம் செய்யும் ஆசிரியர், நீங்கள் இன்னும் நன்றாக எழுதக்கூடும் என்று நம்புகிறார்; படிக்காமலே கையொப்பமிட்டுத் திருப்பித் தருபவரோ அந்த நம்பிக்கையை விட்டவர். கடவுளின் சிட்சையைக் கிறிஸ்தவர்கள் அந்த நம்பிக்கையின் அடையாளமாகவே கருதுகிறார்கள். எந்தச் சமயத்தாராயினும், உங்களைக் கண்டிப்பவரின் சொல்லை இந்த உரைகல்லில் உரசிப் பாருங்கள்: அது உங்களை வளர்க்கிறதா, சிறுமைப்படுத்துகிறதா? வளர்ப்பதாயின், கசந்தாலும் ஏற்றுக்கொள்ளுங்கள். நாளை பிறரைக் கண்டிக்கும் இடத்தில் நீங்கள் நிற்கும்போதும் அதே கேள்வியை உங்களிடமே கேளுங்கள்.